பருவக்காற்று ஆளும் தோஃபார் கரை

அரபு நாடு என்றதும் உங்கள் மனக்கண்ணில் விரிவது என்ன? எல்லையற்ற மணற்பரப்பு, ஈச்ச மரங்கள், கல்லும் வெடிக்கும் வெயில், அந்த வெயிலில் நின்று உழைத்துவிட்டு இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள். இவைதாமே? அதே அரபு மண்ணில், நம் குற்றாலத்தில் சாரல் விழும் அதே ஆனி, ஆடி மாதங்களில் ஓயாது தூறல் விழும் ஒரு கரை உண்டு. அங்கே தென்னையும் வாழையும் பப்பாளியும் காய்த்துக் குலுங்குகின்றன. சாலையோரக் கடைகளில் இளநீர் சீவித் தருகிறார்கள். மலைச்சரிவில் மாடுகள் முழங்கால் உயரப் புல்லில் மேய்கின்றன. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நிற்பதாகவே எண்ணிவிடுவீர்கள்.

ஓமான் நாட்டின் தென்கோடியில் ஏமன் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோஃபார் மாநிலந்தான் அது. அதன் தலைநகர் சலாலா. மஸ்கட்டிலிருந்து சுமார் 1000 கிலோ மீட்டர். அவ்வளவு தூரமும் வெறும் பாலை. பேருந்தில் வருவோர் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே ஒரே காட்சியைக் கண்டு சலித்துப் போயிருக்கும் வேளையில், தும்ரைத் என்னும் ஊரைத் தாண்டி மலையின் முகட்டைக் கடந்தவுடன் உலகமே நிறம் மாறிவிடுகிறது.

இந்த விந்தையின் காரணத்தை அறிந்துகொண்டால்தான் இக்கரையின் மற்றச் செய்திகள் விளங்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, போகிற வழியில் அரபுக் கரையை உரசிக்கொண்டு செல்கிறது. அப்படிச் செல்லும்போது கரையோரத்துக் கடலின் மேல்நீரை அப்பால் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியாழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. ஈரக்காற்று இக்குளிர்நீரின்மேல் தவழும்போது மூடுபனியாக உறைந்து, பின்னால் நிற்கும் மலையில் மோதித் தேங்கிவிடுகிறது. மேலே பாலையின் வெப்பக்காற்று மூடிபோல் அழுத்திக்கொண்டிருப்பதால் பனியால் எழும்பிச் செல்லவும் முடிவதில்லை. பெருமழை பெய்வதில்லை, ஆயினும் மரத்தின் ஒவ்வோர் இலையும் அப்பனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக வேரில் இறக்குகிறது. மரத்தை வெட்டினால் அவ்விடத்தில் மழையும் இல்லை என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மை. ஜூன் 21 அளவில் தொடங்கிச் செப்டம்பர் 21 வரை நீளும் இப்பருவத்தைக் 'கரீஃப்' என்கின்றனர். உள்நாட்டில் வெப்பம் 45 பாகையைத் தொடும் நாட்களில் சலாலாவில் 25 பாகைதான் இருக்கும். வளைகுடா நாடுகளின் குடும்பங்கள் போர்வையும் தேநீர்க் குடுவையுமாக வந்து, நனைந்த புல்லின்மேல் பாய் விரித்து அமர்ந்திருக்கும் காட்சியைப் பார்க்க வேண்டும்! மழையில் நனைவதற்கென்றே ஆயிரம் மைல் கடந்து வருவோரை நம் நாட்டில் காண முடியாது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலை பச்சை உடுத்தும் அந்த மூன்று மாதங்களில் கடல் வெறிகொண்டிருக்கும். கடல் அமைதி கொள்ளும் அக்டோபர் முதல் மார்ச் வரையான காலத்தில் மலை காய்ந்துவிடும். இரண்டையும் ஒரே பயணத்தில் பெற இயலாது. எதைக் காணப் போகிறோம் என்பதைப் புறப்படுமுன்னே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சலாலாவுக்கு மேற்கே சுமார் 40 கிலோ மீட்டரில் முக்சைல் கடற்கரை. வெண்மணல் வளைவின் ஓரத்தில் மர்னீஃப் என்னும் பாறைக்குடைவு இருக்கிறது. அதன் அடிப்பாறையைக் கடல் அரித்துக் குடைந்து வைத்திருக்கிறது. அலை உள்ளே புகுந்து நெருக்கும்போது, மேலே உள்ள துளைகளின் வழியே நீர் பீறிட்டு ஆளுயரத்துக்குப் பன்மடங்கு மேலெழும்பும். நீர் வருமுன் துளையிலிருந்து பெருமூச்சுப் போன்ற ஓர் ஓசை கேட்கும். குழந்தைகள் அலறிச் சிரிப்பார்கள். இவ்வளவும் இன்பந்தான்.

ஆயினும் 2022 ஜூலையில் இதே முக்சைலில் நடந்ததை மறந்துவிடாதீர்கள். பாதுகாப்பு வேலியைத் தாண்டிப் பாறையின் ஓரத்தில் நின்ற இந்தியப் பயணிகளை, குழந்தைகள் உட்பட, ஒரே அலை இழுத்துச் சென்றது. சிலரே மீட்கப்பட்டனர். அக்காட்சி கைபேசிகளில் உலகமெங்கும் பரவி, பார்த்தவர் நெஞ்சை உறைய வைத்தது. நூறு அலைகள் பாறைக்குக் கீழேயே நின்றிருக்கலாம்; நூற்றோராவது அலைக்கு அக்கட்டுப்பாடு கிடையாது. கரீஃப் காலத்துக் கடலுக்கும் நாம் மாலை நேரத்தில் கால் நனைக்கும் கடலுக்கும் உறவே இல்லை. ஒரு நிழற்படத்துக்காகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டுவோரை அங்கே கண்டால், அந்நியர்தானே என்று இராமல் தடுத்து நிறுத்துங்கள்.

முக்சைலுக்கு அப்பால் சாலை மலையைச் செங்குத்தாகச் சுற்றி ஏறி ஏமன் எல்லையை நோக்கிச் செல்கிறது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அச்சாலையில் பனி மூடிய நாளில் முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கும் தெரியாது. வீரம் காட்டும் இடமல்ல அது. குளிர்காலத்தில் போனால், செங்குத்துப் பாறைகள் கடலுக்குள் இறங்கும் காட்சியை வேண்டுமளவு பார்க்கலாம்.

சலாலா நகருக்குள் திரும்புவோம். கடற்கரையை ஒட்டி 'அல்பலீத்' என்னும் இடிபாடுகள் இருக்கின்றன. இடைக்காலத்துத் தோஃபார் துறைமுகம் இதுவே. பெரிய ஜும்ஆ பள்ளிவாசல் ஒன்றின் தூண் அடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 144 தூண்கள் என்று கணக்கிட்டிருக்கின்றனர். கூரை இல்லை, சுவர் இல்லை. தூண்கள் நின்ற இடங்களைப் பார்த்தே அங்கு நின்று தொழுதோரின் தொகையை உங்கள் மனம் கணக்கிடத் தொடங்கிவிடும். அருகிலேயே 2007இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் உள்ளது. அதைக் காண ஒரு முழுக்காலையை ஒதுக்குங்கள்.

உலகம் சுற்றிய இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இருமுறை இத்துறைக்கு வந்தார். இங்கே தென்னையையும் வெற்றிலைக் கொடியையும் கண்டு வியந்து, அவை இந்தியாவிலும் இவ்வூரிலுமே இருப்பதாகச் சொல்லுமளவுக்கு அவற்றை விரிவாக வருணித்தார். மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட மத்தி மீனே தீவனம் என்று எழுதிவைத்தார். இன்றும் இக்கரையில் மத்தியை மணலில் காயவைத்துத் தீவனமாக்குகின்றனர். மூக்கைப் பொத்திக்கொண்டு நீங்களே பார்க்கலாம். கோழிக்கோட்டிலிருந்து நல்ல காற்றில் 28 நாட்களில் இங்கு வந்து சேர்ந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

நம் தென்பாண்டிக் கடற்கரையாருக்கு இத்துறைமுகம் அந்நியமன்று. பாண்டிய மன்னர்களின் படைக்குக் கடல்வழியே வந்து இறங்கிய அரபுக் குதிரைகளைப் பற்றி நம் ஊர்களில் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். காயல் துறைக்கு வந்த அக்குதிரைகள் எந்தெந்தத் துறைகளிலிருந்து ஏற்றப்பட்டன என்பதை மார்க்கோ போலோ பட்டியலிடுகிறார். ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகியவற்றுடன் தோஃபாரும் அதில் இடம் பெறுகிறது. பாண்டி நாட்டில் குதிரையைப் பேணத் தெரியாமல் சமைத்த உணவைக் கொடுத்து ஆண்டுதோறும் பெருந்தொகையைச் சாகவிடுகின்றனர் என்ற குறையையும் அவர் எழுதத் தவறவில்லை. அல்பலீத்தின் படகுத்துறை ஓரம் நின்று, இங்கு ஏறிய விலங்குகள் காயலில் இறங்கின என்று எண்ணிப் பாருங்கள். கடல் சட்டென்று சுருங்கிவிடும்.

இந்நகரில் சேரமான் பெருமாளின் அடக்கத்தலம் என்று ஓர் இடத்தைக் காட்டுகின்றனர். கேரளத்து அன்பர்கள் கூட்டமாக வருகின்றனர். இது வழிவழியாக வரும் செய்தி. கல்வெட்டுச் சான்றாக ஏற்கத்தக்கதன்று. நகருக்கு மேலே மலையில் நபி ஐயூப் (அலை) அவர்களின் பெயரால் ஓர் அடக்கத்தலம் உள்ளது. வேறு நாடுகளிலும் இவ்வாறே உரிமை கொண்டாடுகின்றனர். பாலைக்குள் 170 கிலோ மீட்டர் சென்றால் ஷிஸ்ர் என்னும் இடம். 1992இல் விண்வெளிப் படங்களின் துணையுடன் அங்கே அகழ்ந்த அமெரிக்கக் குழுவினர், திருக்குர்ஆன் கூறும் ஆது கூட்டத்தாரின் இரம் நகரம் கிடைத்துவிட்டதென உலகறிய முழங்கினர். தோண்டியதில் கிடைத்தது ஒரு சிறு கோட்டையும், அதில் ஒரு பகுதியை விழுங்கிய பெரும் பள்ளமுமே. அதுதான் இரம் என்று ஆய்வாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. சுற்றுலாக் கையேடு சொல்வதையெல்லாம் வேத விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி, இக்கரைக்குப் பேர் தந்த பொருளைப் பார்ப்போம். வியாழன் மாலையில் நம் இல்லங்களில் புகையும் சாம்பிராணி பெரும்பாலும் சுமத்ராப் பக்கத்து மரத்தின் பிசின். அரபு வணிகர் அதை 'லுபான் ஜாவி', அதாவது சாவகத்து லுபான் என்று பிரித்தே அழைத்தனர். அசல் லுபான் தோஃபாரில் விளைவது, தமிழில் குந்திரிக்கம். மலைக்குப் பின்புறம், பனியின் குளிர்காற்று எட்டியும் தூறல் எட்டாத வறண்ட பள்ளத்தாக்குகளில் அம்மரம் வளர்கிறது. ஆளுயரத்தினும் சற்றே கூடிய, முறுக்கிக்கொண்ட, காகிதம் போல் பட்டை உரியும் மரம். பார்த்தால் இதற்கா இத்தனை பெயர் என்று தோன்றும். 'மன்கஃப்' என்னும் சிறு கருவியால் பட்டையைச் சீவிவிடுகின்றனர். பால் போன்ற துளிகள் கசிந்து இறுகுகின்றன. முதல் முறை வருவது தரமற்றது. மீண்டும் சீவி, வாரக் கணக்கில் காத்திருந்தே நல்ல பிசினை எடுக்கின்றனர். உயர்ந்த வகைக்கு 'ஹோஜரி' என்று பெயர். சலாலாவின் கடைத்தெருவில் பெண்களே முன்னின்று விற்கின்றனர். வெண்மையும் இளம்பச்சையும் கலந்த தெளிந்த கட்டியாகத் தேர்ந்தெடுங்கள், பழுப்பேறியது மலிவு. அளவுக்கு மீறிச் சீவுவதால் மரங்கள் நலிந்து வருவதாக அறிஞர்கள் கவலைப்படுகின்றனர். சலாலாவுக்கு வடக்கே உள்ள வாதி தவ்கா மரத்தோப்பு, ஷிஸ்ர், அல்பலீத், இனி நாம் காணப்போகும் கோர் ரோரி ஆகிய நான்கையும் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சலாலாவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கிலோ மீட்டர் சென்றால் கோர் ரோரி. கடல் ஒரு நீண்ட கைபோல் நிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. இன்று அதன் வாயை மணல்மேடு அடைத்துவிட்டதால் உப்பங்கழியாகத் தேங்கி, நாரைகளும் பூநாரைகளும் இறங்கும் இடமாகிவிட்டது. மேட்டின்மேல் கற்சுவர் சூழ்ந்த சிறு நகரம். அதன் பெயர் சும்ஹுரம். ஹளரமவ்த் அரசர்கள் லுபான் ஏற்றுமதிக்காகவே எழுப்பிய துறைமுகக் கோட்டை அது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 5ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்திருக்கிறது. வளைந்து வளைந்து செல்லும் வாயில்வழியின் சுவரில் தென்னரபுக் கல்வெட்டுகள் அப்படியே இருக்கின்றன. இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தார் 1990களின் பிற்பகுதியிலிருந்து இங்கே அகழ்ந்து வந்தனர்.

'பெரிப்ளூஸ்' என்னும் பழைய கிரேக்க மாலுமி நூல் இத்துறையை மோஸ்கா என்று சொல்கிறது. லுபான் இங்கே காவலின்றிக் குவிந்து கிடக்குமாம். ஆனால் அரசன் அனுமதியின்றி ஒரு மணியை ஏற்றினாலும் கப்பல் துறையை விட்டு நகராதாம். தமிழகத்துத் துறைகளிலிருந்தும் பரூச்சிலிருந்தும் காலந்தாழ்ந்து புறப்பட்ட கப்பல்கள், காற்று மாறும்வரை இங்கே தங்கி, துணி, கோதுமை, எள்ளெண்ணெய் ஆகியவற்றைக் கொடுத்து லுபான் வாங்கிச் செல்லும் என்றும் அந்நூல் கூறுகிறது.

அவ்வாறு தங்கியவர்களில் ஒருவரின் பெயரே நமக்குக் கிடைத்துவிட்டது, வாசகர்களே! 2006இல் சும்ஹுரத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. உடைந்த பானையின் துண்டை வட்டமாகச் செதுக்கி மூடியாகப் பயன்படுத்தியிருக்கின்றனர். அதன்மேல் 'ணந்தை கீரன்' என்ற பெயர். 'ணந்தை' என்பது மூத்தவரைக் குறிக்கும் மரியாதைச் சொல், கீரன் என்பது ஆளின் பெயர் என்று எழுத்தறிஞர் ஐராவதம் மகாதேவன் விளக்கினார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஓடு என்கின்றனர். கீரன் கப்பலின் தலைவரா, வணிகரா, எவரும் அறியார். ஆனால் தன் பண்டத்தைப் பிறர் பண்டத்தோடு கலந்துவிடாமல் பெயரெழுதி மூடிவைத்த எச்சரிக்கைக்காரர் என்பது தெரிகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வளைகுடாப் பக்கம் பிழைக்கப் போன தமிழர் ஒருவரின் அடையாளம் இது. நம் பிள்ளைகள் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் பெயரெழுதிக் கயிறு கட்டிச் செல்வது உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

கோர் ரோரிக்கு நீர் கொடுப்பது வாதி தர்பாத் பள்ளத்தாக்கு. நல்ல கரீஃப் ஆண்டில் அங்கே சுமார் நூறு மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டும். மேலே குளமும் படகும் நிழல் மரங்களும் உண்டு. ஆனால் அந்நீரில் இறங்க வேண்டாம். நத்தை வழியே பரவும் நோய்க்கிருமி அதில் உண்டு. இம்மலைகளில் மேய்ப்போர் பேசுவது அரபியன்று, ஜிப்பாலி என்னும் பழைய தென்செமித்திய மொழி. எழுத்தில்லாத அம்மொழி வீட்டிலும் மந்தையிலும் மட்டுமே உயிர் வாழ்கிறது. பள்ளிக்கூடமும் தொலைக்காட்சியும் அரபியில் பேசுகையில் அது எத்தனை தலைமுறை தாங்குமோ! அருகிலுள்ள தாவி அதைர், அதாவது 'பறவைகளின் கிணறு', 211 மீட்டர் ஆழமுள்ள இயற்கைப் பள்ளம். குனிந்து பார்த்தால் கீழே வட்டமிடும் பறவைகளின் முதுகுகள் தெரியும். இதற்குக் கிழக்கே எழும் சம்ஹான் மலை, உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ள அரபுச் சிறுத்தையின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.

சலாலாவிலிருந்து 70 கிலோ மீட்டரில் மிர்பாத். குதிரையும் லுபானும் விற்றுச் செழித்த வணிகர்களின் மாடிவீடுகள் மரச்சன்னல்களோடு சரிந்துகொண்டிருக்கின்றன. ஊருக்கு வெளியே கபுருஸ்தானின் நடுவே இரட்டைக் குவிமாடத்துடன் வெண்மையாய் நிற்பது ஹிஜ்ரி 556இல் மறைந்த முஹம்மது பின் அலீ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம். 'சாஹிபு மிர்பாத்' எனப்படும் இப்பெரியாரின் வழித்தோன்றல்களே பா அலவி சையிதுகள். மலபாரின் மம்புறம் தங்ஙளும், மலாய் நாடுகளில் தீன் பரப்பிய பல சையிதுக் குடும்பத்தாரும் இம்மரபினரே. 1965 முதல் 1975 வரை இம்மாநிலம் உள்நாட்டுப் போரில் எரிந்ததும், 1972 ஜூலையில் இச்சிற்றூரில் கடும்போர் நடந்ததும் இன்றைய அமைதியைப் பார்க்கும்போது நம்ப முடியாதவை.

மிர்பாத்தைத் தாண்டியபின் ஊர்கள் அருகிவிடும். கடற்பாறைகளில் ஒட்டி வாழும் 'சஃபீலா' என்னும் சிப்பியை மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் மக்கள் வாழும் கரை இது. ஆண்டில் சில நாட்களே அதற்கு அனுமதி. சாலை ஒருபுறம் கடலும் மறுபுறம் வானளாவிய பாறையுமாக ஹாசிக் வரை செல்கிறது. இப்னு பதூதா இங்கே மீன் எலும்புகளால் கட்டி ஒட்டகத் தோலால் வேய்ந்த வீடுகளைக் கண்டார். எதிரே கடலில் ஹல்லானிய்யாத் தீவுகள். இத்தீவுகளைச் சுற்றியுள்ள நீரில் வாழும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் உலகில் தனிவகை. மற்ற இனத்தார் போல் துருவம் நோக்கி வலசை போவதில்லை. குளிர்நீர் மேலெழுந்து மீனை வளர்ப்பதால் ஆண்டு முழுவதும் இங்கேயே உண்டு வாழ்கின்றன. ஓமான் கடலில் இருப்பவை நூற்றுக்கும் குறைவு என மதிப்பிடுகின்றனர்.

இத்தீவுகளில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்லி முடிக்கிறேன். 1502இல் வாஸ்கோடகாமா, மக்காவிலிருந்து திரும்பிய 'மீரி' என்னும் கப்பலை, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான ஹாஜிகளுடன் தீயிட்டு எரித்தான். அப்படையில் அவனுடன் வந்தவன் அவன் மாமன் விசேந்தே சொத்ரே. கொச்சியைக் காக்கும்படி விட்டுச் சென்ற கப்பல்களை எடுத்துக்கொண்டு சொத்ரே செங்கடல் வாயிலுக்குப் போய் முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களைக் கொள்ளையிட்டான். 1503இல் இத்தீவுகளில் நங்கூரமிட்டான். தீவுவாசிகள் அவனிடம் வந்து, வடக்கிலிருந்து பெருங்காற்று எழப்போகிறது, தீவின் மறுபக்கத்துக்குக் கப்பலை மாற்றிக்கொள் என்றனர். சிறு கப்பல்கள் கேட்டு ஒதுங்கின. தன் இரும்பு நங்கூரங்களை நம்பிய சொத்ரேயும் அவன் தம்பியும் அசையவில்லை. காற்று வந்தது. இருவர் கப்பல்களும் பாறையில் மோதின. 'எஸ்மரால்டா' சொத்ரேயுடனும் மாலுமிகளுடனும் ஆழத்தில் போயிற்று.

சிதைவு கிடந்த இடம் 1998இல் கண்டறியப்பட்டது. 2013இல் ஓமான் அரசின் மரபுத்துறை முழு அகழ்வைத் தொடங்கி 2016இல் செய்தியை வெளியிட்டது. 2,800க்கு மேற்பட்ட பொருள்கள் மேலே வந்தன. பொற்காசுகள், 1498ஆம் ஆண்டு பொறித்ததெனக் கருதப்படும் வெண்கல மணி, போர்ச்சுகல் அரச முத்திரையுள்ள வானளவைக் கருவியின் தகடு ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒதுங்கித் தப்பிய சிறு கப்பல்கள் பின்னர் காற்றுப் பார்த்து இந்தியாவுக்குத் திரும்பின.